"காசுப் பேய்கள்" என்று எழுதிய அண்ணனுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம்மூர் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஃபைனல் வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். இதுவரை பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். நான் அங்கேயேதான் இருந்தேன். கோல்போஸ்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், வண்டி மேல் உட்கார்ந்துகொண்டு. பேசிய காசு வராமல் பையன்கள் மைதானத்தில் இறங்கப் போவதில்லை என்பது வீடியோ எடுத்தவருக்கு முன்பே எனக்குத் தெரியும்.

வீடியோ பரவட்டும், அது பற்றி ஒன்றுமில்லை. அதற்கு மேலே போட்டிருக்கிற வரிதான் தூங்க விடவில்லை. "காசுப் பேய்கள். விளையாட்டை நேசிக்கிறவன் காசு கேட்க மாட்டான்." அதற்கு விழுந்த லைக்கில் பாதி என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களுடையது. சரி, எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் போகும்.

அந்த ஏழு பையன்கள் கேட்டது என்ன? போன வருஷம் இதே டீமுக்கு ஆடி ஜெயித்த பரிசுப் பணத்தில் பேசிய பங்கு. இந்த வருஷம் மூன்று டோர்னமெண்டுக்கு வராத பேட்டா. கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஆடி முடித்த ஆட்டத்துக்கு, பேசி முடித்த காசு. அதற்காக இருபது நிமிடம் மைதானத்தின் ஓரக் கோட்டில் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர் ஒருவர் சமாதானம் பேசி இறங்கி ஆடினார்கள், தோற்றும் போனார்கள். தோற்றதற்கும் சேர்த்துச் சிரிக்கிறீர்கள். அதில் ஒருவன் சாய ஆலையில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வந்து பூட்ஸ் கட்டினவன், அவன் நகக்கண்ணில் நீலம் இன்னும் போகவில்லை.

செய்த வேலைக்குக் கூலி கேட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். இதில் பேய் எங்கே வந்தது?

ஆட்டம் எப்படி வேலையாகும் என்று ஒருத்தர் கமெண்டில் கேட்டிருக்கிறார். நுழைவுச் சீட்டு அடித்து விற்கிறீர்கள், மைதானத்தைச் சுற்றி ஃபிளக்ஸ் கட்டுகிறீர்கள், ஜெர்ஸி முதுகில் கம்பெனி பெயர் போடுகிறீர்கள், அதெல்லாம் வியாபாரம். பந்து உதைக்கிறவன் மட்டும் சேவை செய்ய வேண்டும். நல்ல நியாயங்க.

நம்மூர் செவன்ஸை விடுங்கள். நாட்டிலேயே பெரிய கால்பந்து லீகான ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) என்ன நடந்தது? கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்திய கம்பெனிக்கும் 2010இல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது, அடுத்து என்ன என்று இருவரும் பேசி முடிக்கவில்லை, அந்த ஜூலையிலேயே லீக் அந்தரத்தில் நின்றது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி தன் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையறை இல்லாமல் நிறுத்தி வைத்தது. சுனில் சேத்ரி ஆடும் கிளப் அது. ஒப்பந்தம் போட்டவர்கள் இரண்டு பேர், சண்டை அவர்களுக்குள், சம்பளம் நின்றது மூன்றாவது ஆளுக்கு. 2026 ஜனவரியில் சேத்ரி, குர்பிரீத், ஜிங்கன் என்று ஆட்டக்காரர்கள் எல்லாரும் வரிசையாக வீடியோவில் நின்று, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவாவது வந்து காப்பாற்றட்டும் என்று கேட்டார்கள். 2025 ஏப்ரலில் முடிந்த லீக் மறுபடி தொடங்கியது 2026 பிப்ரவரி 14இல்தான். பத்து மாசம். ஒரு ஆட்டக்காரன் மொத்தமாக ஆடுவதே பத்துப் பன்னிரண்டு வருஷம் என்றால், அதில் பத்து மாசம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

"கோடி கோடியாக வாங்குகிறவனுக்கு என்ன போராட்டம்?" வரும், இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். கோடி வாங்குகிறவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவு. மீதிப் பேர் மாசச் சம்பளக்காரர்கள். 2011இல் ஸ்பெயினில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய 5 கோடி யூரோ சம்பளப் பாக்கி. ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்து, அந்த நாட்டுப் பெரிய லீகான லா லிகாவின் முதல் சுற்றே நின்றது. பெரிய கிளப் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது, அவர்களும் சேர்ந்துதான் இறங்காமல் நின்றார்கள். அதே ஊரில் பெண்கள் 2023இல் தொடக்கச் சுற்றில் ஆடாமல் நின்று, வருஷத்துக்கு 16,000 யூரோவாக இருந்த குறைந்தபட்சச் சம்பளத்தை 21,000 ஆக்கினார்கள். இவர்களா கோடீஸ்வரர்கள்?

இன்னொன்று, ஒருவன் கோடி வாங்கினாலும் பேசினால் பேசியதுதான். பணக்காரனுக்குக் கடன் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று எந்த பேங்கிலாவது சொல்லிப் பாருங்கள்.

இங்கே எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பந்தம் இருக்கிறது, பொறுங்கள்.

அப்பா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டினார். அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் 'பாக்கி' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வேலைக்குச் சேரும்போது பட்டறைக்காரர் முன்பணம் கொடுப்பார். அக்கா கல்யாணம், ஆத்தா ஆஸ்பத்திரிச் செலவு என்று அது ஏறிக்கொண்டே போகும், இறங்காது. வேறு பட்டறையில் கூலி கூட என்று போக நினைத்தால், புதுப் பட்டறைக்காரர் பழையவருக்குப் பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். பழையவர் விடமாட்டேன் என்றால் முடிந்தது. அப்பாவைக் கேட்க ஒருத்தர் வந்தார், எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேரம் நடந்தது. அப்பா திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றிய பேச்சு, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்போது பத்து வயது.

பின்னால் கால்பந்து பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் கதை வந்தது. நியூகாசில் ஆட்டக்காரர். 1960இல் ஒப்பந்தம் முடிந்தது, வெளியே போகிறேன் என்றார், கிளப் விடமாட்டேன் என்றது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆளை நிறுத்தி வைக்கலாம் என்பதுதான் அன்றைக்கு இங்கிலாந்து விதி. மனுஷன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கார்க் விற்கும் வேலைக்குப் போனார். கடைசியில் ஆர்சனல் 47,500 பவுண்டு கொடுத்து எடுத்தது. அதோடு சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார், 1963இல் அந்த முறை செல்லாது என்று தீர்ப்பு. படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. அப்பாவாவது கை நீட்டிக் காசு வாங்கியிருந்தார். ஈஸ்ட்ஹாம் ஒரு பைசா கடன்படவில்லை, அவருக்கும் பாக்கி!

அதே இங்கிலாந்தில் 1961 ஜனவரி வரைக்கும் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனானாலும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கிடையாது. ஸ்டேடியத்தில் கூட்டம் எவ்வளவு நிரம்பினாலும் அதே 20. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் என்று சொன்ன பிறகுதான் அந்த உச்சவரம்பு போனது. போன கையோடு ஃபுல்ஹாம் கிளப் தன் ஆட்டக்காரர் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. ஆக, கொடுக்கப் பணம் இல்லாமல் இல்லை. பெல்ஜியத்து ஆட்டக்காரர் போஸ்மன் கதை உங்களுக்கே தெரியும். கால்வாசிச் சம்பளத்துக்கு இரு, இல்லாவிட்டால் வெளியே விடமாட்டோம் என்றார்கள், ஐந்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்து, ஒப்பந்தம் முடிந்தவனைக் கிளப் காசு கேட்டுப் பிடித்து வைக்கக் கூடாது என்று 1995இல் ஜெயித்தார். அதில் வாழ்ந்தவர்கள் பின்னால் வந்த ஆட்டக்காரர்கள். அவர் குடியிலும் மனச்சோர்விலும் விழுந்தார்.

"முதலாளி நஷ்டத்தில்தானே டீம் நடத்துகிறார், அவர் இல்லாவிட்டால் டீமே கிடையாதே?" இதைச் சொல்லும்போது நானும் கொஞ்சம் அடங்கித்தான் போகிறேன். இந்தியாவில் கால்பந்து கிளப் நடத்தி லாபம் பார்த்தவர்கள் அபூர்வம் என்பது உண்மைதான். 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம், சென்னை சிட்டி டீம் ஐ-லீக் என்கிற தேசிய லீகை ஜெயித்த நாள், நான் கேலரியில் இருந்தேன். மூன்றாவது நிமிடமே எதிர் டீம் மினர்வா கோல் போட்டுவிட்டது. பக்கத்தில் இருந்தவர் போனில் கோழிக்கோடு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து நாம் ஜெயிக்காவிட்டால் கோப்பை போய்விடும். அப்புறம் நம்ம மான்சியின் பெனால்டி, கௌரவ் போராவின் இரண்டு கோல், 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை. தொண்டை கட்டி மூன்று நாள் பேச்சு வரவில்லை. மூன்று வருஷம்கூட ஆகவில்லை, 2021 கடைசியில் தொடங்கிய லீகில் அந்த டீமே இல்லை. முதலாளி இல்லாவிட்டால் டீம் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல, கேலரியில் கத்தினவனுக்குத்தான் அது அதிகம் வலிக்கும்.

ஆனால் நஷ்டம் என்று தெரிந்தே இறங்கினவர் அவர். கட்டாது என்றால் ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். ஆட வைத்துவிட்டு, கைதட்டு வாங்கிவிட்டு, பேப்பரில் போட்டோ வந்த பிறகு நஷ்டக் கணக்கை எடுத்து நீட்டக் கூடாது. லாபம் வந்த வருஷம் யாராவது ஆட்டக்காரனைக் கூப்பிட்டு இந்தாப்பா உன் பங்கு என்று கொடுத்தார்களா? பனியன் கம்பெனியிலும் இதே பாட்டுதான், ஆர்டர் இல்லை, டாலர் இறங்கிவிட்டது என்று. திருப்பூரில் 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நின்ற சனங்களிடம் போய் அதைச் சொல்லியிருப்பீர்களா?

இரண்டு மாசச் சம்பளம் பாக்கி நின்றால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஆட்டக்காரன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா விதியிலேயே இருக்கிறது. நம்மூர்ப் பையன்களுக்கு ஒப்பந்தமே கிடையாது. "எல்லாம் பாத்துக்கலாம் கண்ணு, நம்ம டீமு" என்பதுதான் ஒப்பந்தம். அந்த வார்த்தையை நானும் வாங்கியிருக்கிறேன்.

இருபத்து மூன்று வயதில் ஒரு மில் டீமுக்கு கெஸ்ட் ஆட்டக்காரனாகப் போனேன். செமிஃபைனலில் முட்டி திரும்பியது, லிகமெண்ட். தோளில் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் ஏற்றினார்கள். முதலாளி வந்து தலையைத் தடவி, எல்லாம் பாத்துக்கலாம் என்றார். ஆபரேஷனுக்கு அம்மாவின் தோடு போனது. மூன்று தடவை அவர் ஆபீஸுக்குப் போனேன், மூன்றாவது தடவை வாட்ச்மேனே, "ஏந்தம்பி சும்மா சும்மா வர்றீங்க" என்றார். அதற்கப்புறம் போகவில்லை. நான் கோட்டில் உட்காரவில்லை, அதுதான் எனக்கும் இந்தப் பையன்களுக்கும் வித்தியாசம். உட்கார்ந்திருக்கலாம். இன்றைக்கும் நாலாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாவிட்டால் அந்த டீம் ஞாபகம் வருகிறது.

டிக்கெட் எடுத்து வந்த ரசிகன் என்ன பாவம் செய்தான் என்று ஒருவர். இருபது நிமிடம் லேட். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு அதைவிட அதிக நேரம் நிற்கிறோம். விடுங்கள்.

எனக்கு உண்மையில் வருத்தம் முகம் தெரியாதவர்கள் மேலே இல்லை. அந்த வரியை எழுதியவர் எனக்குத் தெரிந்த அண்ணன். சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். 2025இல் கூலி உயர்வு கேட்டு ஒரு மாசம் விசைத்தறிகள் நின்றபோது இவர் தறியும் நின்றது. தினமும் பதிவு போட்டார். பேசிய கூலியைக் கொடுக்கச் சொன்னால் எங்களைப் பேராசைக்காரன் என்கிறார்கள் என்று ஒருநாள் எழுதியிருந்தார், அதை நான் பகிர்ந்தேன். தறி ஓடாத சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் பகிர்ந்தேன்.

அண்ணா, பழைய பதிவு எதையும் நீங்கள் அழிக்கவில்லை, நேற்று ராத்திரி போய்ப் பார்த்தேன். அதற்குக் கீழே முதல் கமெண்ட் என்னுடையது. "நியாயமான கோரிக்கைங்கண்ணா" என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் கைகூப்புகிற பொம்மை போட்டிருக்கிறீர்கள்.