பிரையரை ரொறன்ரோவுக்குக் கொடுக்க வேண்டுமாம்!

ஒரு அண்ணை போட்ட அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். பிரையர் என்ற கனடாவின் தேசிய ஆண்கள் கேர்லிங் போட்டியை, அதுதான் ஐஸில் கல்லை வழுக்கவிட்டு, முன்னால் தும்புத்தடியால் தேய்த்து வட்டத்துக்குள் கொண்டுபோகும் விளையாட்டை, நியூஃபவுண்ட்லாந்தின் சென். ஜோன்ஸ் மூலையில் கொண்டுபோய் வைக்கிறார்களாம். விசர் வேலையாம். ரொறன்ரோவில் வைத்தால் சனம் அள்ளுப்படுமாம். அண்ணை காருக்குள் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீடியோவுக்குக் கீழே எங்கள் ஆட்களின் சிரிப்பு வேறு.

அண்ணை, பிரையர் பிறந்ததே ரொறன்ரோவில்தான். 1927இல், கிரனைட் கிளப்பில். 1939 வரைக்கும் அந்த ஊரைவிட்டு நகரவில்லை. 1941க்குப் பிறகு அங்கே ஒருதரம்கூட நடக்கவில்லை. ஊர் ஊராகப் போகத் தொடங்கிய பிறகுதான் அது நாட்டுக்கே பொதுவான திருவிழா ஆனது. 2005இல் எட்மன்டனில் பார்வையாளர் கணக்கு 2,81,000ஐத் தாண்டியது. மனிற்றோபாவின் பிராண்டன் ஐம்பதாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர். 1963, 1982, 2019 என்று மூன்று தரம் நடத்திக் காட்டியிருக்கிறது. ரொறன்ரோவில் அதே கிழமை அந்த ஊர் ஐஸ் ஹொக்கி அணியான லீஃப்ஸ் விளையாடினால் பிரையர் நடப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சின்ன ஊரில் பெற்றோல் அடிப்பவர்கூட நேற்றைய ஸ்கோர் சொல்லுவார்.

சென். ஜோன்ஸுக்கு விமானக் கட்டணம் அதிகம் என்பீர்கள். அதிகம்தான். பனிமூட்டத்தில் விமானம் இறங்காமல் திரும்பிப் போவதும் உண்டு. அதற்காக அந்தச் சனத்துக்குப் போட்டியே கிடையாதா?

கனடாவில் என் முதல் குளிர்காலங்கள் சென். ஜோன்ஸில்தான் கழிந்தன. தமிழ்க் கடையும் இல்லை, கோயிலும் இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவர்தான் என்னைக் கேர்லிங் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். கல்லை விடுவது இருக்கட்டும், நிற்கவே முடியவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. சூப் ஊற்றித் தந்தார்கள்.

"ஐஸ் கூட்டுவதற்கு ஒரு சாம்பியன்ஷிப்பா?" என்று வீடியோவுக்குக் கீழே கேட்ட தம்பிக்கும் சொல்கிறேன். 2017 இறுதியாட்டம் இதே ஊரில்தான். கடைசிக் கல் நியூஃபவுண்ட்லாந்து அணித் தலைவர் பிராட் கூஷூவின் கையில். இருபது கிலோ அளவு கருங்கல், வேகம் குறைவாகப் போகிறது. அவருடைய அணியின் பிரெட் கலன்டும் ஜெஃப் வோக்கரும் உயிரைக் கொடுத்து ஐஸைத் தேய்த்து அதை வட்டத்துக்குள் கொண்டுபோனார்கள். 7-6 என்று வெற்றி. 1976இல் ஜாக் மக்டஃப் அணி ரெஜைனாவில் வென்றதற்குப் பிறகு நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிடைத்த முதல் பிரையர், அதுவும் சொந்த ஊரில். 41 வருசக் காத்திருப்பு. நீங்கள் சொல்லும் அந்தத் தும்புத்தடி இல்லாவிட்டால் கல் நடுவழியிலேயே நின்றிருக்கும். இதைப் பார்த்தும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சுடுவது கேர்லிங்கே இல்லை, அந்த "மூலை" என்ற சொல். இவர்களுக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோவைத் தாண்டினால் எல்லாம் காடு. அங்கே இருப்பவன் வழி தவறிப் போனவன். கலியாண வீடுகளில் "இன்னும் அங்கேயா கிடக்கிறாய்?" என்று எத்தனை பேர் கேட்டு நான் களைத்திருப்பேன்! 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழரைக் கடலில் கண்டு காப்பாற்றியவர்கள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள். அவர்களைக் கொண்டுவந்து கரையிறக்கியது எந்தத் துறைமுகத்தில்? அண்ணை அடுத்த வீடியோவில் சொல்லட்டும்.

"விளையாட்டுக்குள் அகதிக் கதையை ஏன் இழுக்கிறாய்?" என்று யாராவது வருவீர்கள், தெரியும். இழுப்பேன். மூலை என்று தொடங்கியது நானில்லை.

ரொறன்ரோவுக்கு அவ்வளவு ஆசை என்றால் விண்ணப்பித்து, தொண்டர்களைச் சேர்த்து, ஒரு வாரத்துக்கும் மேல் அரங்கை நிரப்பிக் காட்டட்டும். முதல் ரிக்கெற் நான் வாங்குகிறேன். அதுவரைக்கும் சிரிப்புப் போட்டவர்கள் என் இன்பொக்ஸுக்கு "சும்மா பகிடிக்கு" என்று வர வேண்டாம்.