கேலிச் சொல் செயலைச் சுட்ட வேண்டும்

அரசியல் பதிவர்கள் இணையத்தில் புனைந்து உலவவிடும் நையாண்டிச் சொற்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. நீண்ட கட்டுரை ஒன்றின் வாதம் மறுநாள் எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்பது ஐயமே. அதே கட்டுரையில் நறுக்கென்று ஒரு கேலிச் சொல் இருந்துவிட்டால், அதை வாசிக்காதவர்களின் வாயிலும் அந்தச் சொல் புரளத் தொடங்கிவிடும். இவ்வளவு ஆற்றல் உள்ள ஒன்று எப்படி உருவாகிறது, எதன்மீது எறியப்படுகிறது என்பதை நாம் பொறுப்போடு பேசியாக வேண்டும். ஒரு கேலிச் சொல் செயலைச் சுட்டினால் அது அரசியலுக்கு நன்மை செய்கிறது. மனிதக் கூட்டத்தைச் சுட்டினால் அரசியல் பேசுவதற்கான இடத்தையே அடைத்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கலை இணையத்தோடு பிறந்ததன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரி, தம் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வளைத்து வரைந்த சட்டத்துக்கு 1812-இல் ஒப்புதல் அளித்தார். அவற்றுள் ஒரு தொகுதியின் வடிவம் சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரியை ஒத்திருந்ததால், ஆளுநரின் பெயரையும் அந்த உயிரியின் பெயரையும் ஒட்டி ஒரு சொல்லை யாரோ உருவாக்கினார்கள். அவ்வாண்டு மார்ச் 26 அன்று ‘பாஸ்டன் கெஸட்’ இதழ் அதை ஒரு கேலிச் சித்திரத்தோடு வெளியிட்டது. அதுவே இன்று நாம் கேட்கும் ‘ஜெர்ரிமேண்டர்’. அவர் பெயரின் முதல் எழுத்து ககர ஒலியோடு உச்சரிக்கப்பட்டது; சொல்லோ ஜகரத்துக்கு மாறிப் போயிற்று. தொகுதி எல்லையைத் தந்திரமாக வரையும் எந்தக் கட்சியையும் இன்று அந்தச் சொல் சுட்டும். கெர்ரியைத் திட்டுவதற்காக அதை யாரும் எடுப்பதில்லை. இரு நூற்றாண்டு கடந்தும் அது உயிரோடிருப்பதற்குக் காரணம், அதற்குள் ஒரு குற்றச்சாட்டு முழுமையாக இருப்பதுதான்.

வலைப்பதிவுகளின் காலம் தொடங்கியபோதும் விளையாட்டுச் சொற்களே முன்னால் வந்தன. 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் ‘வெப்லாக்’ என்ற சொல்லை இடம் மாற்றி உடைத்து ‘வீ பிளாக்’ என்று வேடிக்கையாக எழுதியதிலிருந்தே ‘பிளாக்’ பிறந்தது. அதே ஆண்டில் பிராட் கிரகாம், பதிவுலகம் என்று பொருள்படும் ‘பிளாகோஸ்பியர்’ என்ற சொல்லை நகைச்சுவையாகவே எழுதினார்; 2002-இல் வில்லியம் குயிக் அதை மீண்டும் முன்வைக்க, அரசியல் பதிவர்கள் அதை இயல்பான சொல்லாகவே புழங்கத் தொடங்கினார்கள். 2001-இன் இறுதியில், பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ராபர்ட் ஃபிஸ்க் எழுதிய ஒரு கட்டுரையை எதிர்த்தரப்புப் பதிவர்கள் பத்தி பத்தியாக மேற்கோள் காட்டி மறுத்தார்கள். அந்த முறைக்கே ‘ஃபிஸ்கிங்’ என்ற பெயர் நிலைத்தது. ஃபிஸ்க்கின் எழுத்துகளில் மதிப்பு வைத்திருப்பவர்களுக்கு அது உவப்பான சொல்லாக இருந்திருக்காது. ஆயினும், ஒரு மனிதரின் பெயர் சொல்லுக்குள் இருந்தாலும் அது சுட்டுவது ஒரு செயலை, அதுவும் எதிராளியின் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லும் உழைப்பை, என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெயர் உள்ளே இருப்பதாலேயே ஒரு சொல் வசையாகிவிடாது.

இதற்குத் தெளிவான சான்று, தலைவர்களின் பெயரிலிருந்து வினைச்சொல் செய்யும் வழக்கம். முடிவெடுக்காமல், கருத்துச் சொல்லாமல் காலம் கடத்துவதை ஜெர்மன் இளைஞர்கள் தங்கள் அன்றைய பிரதமர் அங்கெலா மெர்கெலின் பெயரால் ‘மெர்கெல்ன்’ என்றார்கள். 2015-இல் ஆண்டின் இளைஞர் சொல்லுக்கான இணைய வாக்கெடுப்பில் அது முன்னிலை வகித்தது, நடுவர்கள் வேறொரு சொல்லைத் தேர்ந்தெடுத்தாலும். 2022-இல் போர் தொடங்கிய பின், மிகுந்த கவலை தெரிவித்துவிட்டு எதையும் செய்யாமல் இருப்பதற்கு உக்ரைனியர்கள் பிரெஞ்சு அதிபர் மக்ரோனின் பெயரிலிருந்து ஒரு வினையை உருவாக்கினார்கள். ஆயுதம் தருவதாக நல்லெண்ணம் காட்டி, பிறகு தாமதத்துக்குக் காரணம் தேடுவதற்கு அன்றைய ஜெர்மன் பிரதமர் ஷோல்ட்ஸின் பெயர் வினையாயிற்று. வரலாற்றாசிரியர் டிமோத்தி கார்ட்டன் ஆஷ் 2023 ஜனவரியில் அதற்கு விளக்கம் எழுதிப் பகிர, அது உலகச் செய்திகளில் ஏறியது. அதே மாதம் 25-ஆம் நாள், லெப்பர்டு-2 டாங்கிகளை அனுப்புவதாக ஜெர்மனி அறிவித்தது. அந்தக் கேலி அந்த முடிவுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மிகை. ஆனால் செயலைச் சுட்டும் சொல்லுக்கு, சுட்டப்பட்டவர் பதில் செயலாலேயே மறுப்புச் சொல்ல முடிகிறது. தாமதிக்கிறார் என்றார்கள், அவர் அனுப்பினார், இனி அந்தச் சொல் பொருந்துகிறதா என்று அளந்து பார்க்கலாம். முட்டாள் கூட்டம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், அந்தக் கூட்டம் எதைச் செய்து அதை மறுக்கும்?

பரவுதலைப் பற்றிப் பேசும்போது ஹேஷ்டேக், டிரெண்டு, மீம் என்று கருவிகளைத்தான் எல்லோரும் சொல்கிறோம். அவற்றைவிட வலிய பரப்புநர் எதிர்த்தரப்பே என்பது என் கணிப்பு. ஒரு கேலிச் சொல்லைக் கண்டித்து எழுதுபவரும் அதை மேற்கோள் குறிக்குள் வைத்து ஒரு முறை எழுதத்தான் வேண்டியிருக்கிறது. மறுப்பு மறைந்தாலும் சொல் நிற்கிறது. பிறகு செய்தித்தாள் தலைப்பு அதை எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் தலைப்புக்குக் குறுஞ்சொல் தேவை. சொல்லை உருவாக்கியவரின் நோக்கம் இந்தப் பயணத்தில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. 2012 பிப்ரவரியில், கிரீஸ் யூரோவை விட்டு வெளியேறக்கூடும் என்று எழுதிய சிட்டி குழுமத்தின் பொருளியலாளர்கள் ‘கிரெக்ஸிட்’ என்றார்கள். அதே ஆண்டு மே மாதம் பீட்டர் வில்டிங் தம் வலைப்பதிவில் அதன் அச்சில் ‘பிரெக்ஸிட்’ என்று எழுதினார். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்பதற்காகப் பரப்புரை செய்தவர் அவர். எச்சரிக்கையாக எழுதிய சொல், எதிரணியின் கொடியில் ஏறிவிட்டது. சொல்லைப் புனைபவர்கள் அனைவரும் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும்: வெளியே விட்ட சொல்லைத் திரும்ப அழைக்க வழியில்லை.

நம் மொழியிலும் இந்த வேலை சுறுசுறுப்பாகவே நடக்கிறது. கருணாநிதி தம் தொண்டர்களை ‘உடன்பிறப்பே’ என்றும், எம்.ஜி.ஆர். தம் தொண்டர்களை ‘ரத்தத்தின் ரத்தமே’ என்றும் அழைத்த அன்பு விளிகளே சமூக ஊடகத்தில் சுருங்கி ‘உ.பி.’, ‘ர.ர.’ ஆயின. தொண்டர்கள் தங்களைப் பெருமையாகச் சுட்டிக்கொள்ளவும் இவை பயன்படுகின்றன, எதிரணியினர் வாயடைக்கவும் பயன்படுகின்றன. எதிரில் இருப்பவர் எழுதியதை வாசிப்பதற்கு முன்பே அவர் எந்த எழுத்து என்று முடிவுசெய்துவிட்டால், பிறகு அவர் என்ன எழுதினாலும் பயனில்லை. இது எனக்கு உண்மையான வருத்தத்தைத் தருகிறது.

கேலிச் சொல்லின் மிக உயர்ந்த பயன்பாட்டை நான் சீனத்து இணையவாசிகளிடம் காண்கிறேன். அதிபராக இருந்த ஹூ ஜிந்தாவோ ‘இணக்கமான சமூகம்’ என்பதைக் கொள்கை முழக்கமாக்கினார். பதிவுகள் நீக்கப்பட்டவர்கள் ‘என் பதிவு இணக்கமாக்கப்பட்டது’ என்று எழுதத் தொடங்கினார்கள். அந்தச் சொல்லும் வடிகட்டப்பட்டபோது, சீனத்தில் ஏறத்தாழ அதே ஒலியுடைய ‘நதி நண்டு’ என்பதை அதன் இடத்தில் வைத்தார்கள். அடுத்து, முந்தைய அதிபர் ஜியாங் ஜெமினின் ‘மூன்று பிரதிநிதித்துவம்’ என்ற கோட்பாடும் மூன்று கைக்கடிகாரம் அணிவதும் ஒலியில் நெருங்கியிருந்ததால், மூன்று கடிகாரம் கட்டிய நண்டின் படம் உலவியது. 2010 நவம்பரில், ஷாங்காயில் இருந்த தம் கலைக்கூடத்தை இடிக்க அதிகாரிகள் முடிவெடுத்தபோது, கலைஞர் ஐ வெய்வெய் அங்கே நதி நண்டு விருந்துக்கு அழைப்பு விடுத்தார். அவரைப் பெய்ஜிங்கில் வீட்டுக் காவலில் வைத்தார்கள். அவர் இல்லாமலேயே நூற்றுக்கணக்கானோர் கூடி நண்டு உண்டார்கள். தணிக்கையாளரின் கண்ணுக்கு ஓர் உயிரினமாகவும் படிப்பவரின் மனத்துக்கு ஒரு கண்டனமாகவும் நின்ற அந்தச் சொல், திரையிலிருந்து இறங்கி மனிதர்களை ஓரிடத்தில் கூட்டியிருக்கிறது. அது தணிக்கை என்னும் செயலை மட்டுமே சுட்டியது. யாரையும் இழிவு செய்யவில்லை.

அதே மண்ணில் பிறந்த இன்னொரு சொல் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. அரசுக்கு ஆதரவாகக் கருத்து எழுதுவோருக்கு ஒரு பதிவுக்கு ஐந்து மாவோ, அதாவது அரை யுவான், கூலி கிடைக்கிறது என்ற பேச்சிலிருந்து ‘ஐந்து மாவோ கட்சி’ என்ற கேலிப்பெயர் உருவானது. கேரி கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் ஆகிய மூவரும் கசிந்த அரசு மின்னஞ்சல்களைக் கொண்டு ஆய்ந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரை வேறொரு படத்தைத் தந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 44.8 கோடிப் பதிவுகள் இவ்வாறு புனையப்படுவதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த பதிவுகளை எழுதியவர்கள் பெரும்பாலும் அரசு அலுவலகங்களின் ஊழியர்களே. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்தப் பதிவுகள் எதிர்ப்பாளரோடு வாதிடவே இல்லை என்பது. கொந்தளிப்பு எழக்கூடிய வேளைகளில் பேச்சை வேறு பக்கம் திருப்புவதே அவற்றின் பணி. கூலிக்கு வாதிடும் கும்பல் என்று சொல் காட்டிய இடத்தில், வாதத்தையே தவிர்க்கும் ஓர் அரசு எந்திரம் இருந்தது. நகைச்சுவை கச்சிதமாக இருந்ததால் அது காட்டிய படத்தை எவரும் சோதிக்கவில்லை. அரசை எதிர்த்து உண்மையாகப் போராடியவர்களையே அது தவறான எதிரியை நோக்கி நிற்க வைத்தது என்பதுதான் என் மனக்குறை.

மக்களைச் சுட்டும் சொற்கள் எங்கே போய் முடிகின்றன என்பதற்கு ரஷ்யாவும் உக்ரைனும் போதும். பஞ்சு திணித்த மேலங்கியின் பெயரான ‘வாத்னிக்’ 2011-இல் ஒரு ரஷ்யக் கேலிச் சித்திரப் பாத்திரமாகத் தோன்றி, 2014-க்குப் பின் அரசுப் பரப்புரையை நம்பும் ரஷ்யர் அனைவருக்குமான வசையாயிற்று. மறுபுறம், உக்ரைனியர்களை ரஷ்யத் தரப்பினர் ‘உக்ரோப்’ என்றார்கள். அது சதகுப்பைக் கீரையின் பெயர். உக்ரைனிய வீரர்கள் அந்தக் கீரையின் படத்தைப் பட்டையாகத் தைத்துச் சீருடையில் ஒட்டிக்கொண்டார்கள். 2015-இல் அந்தப் பெயரிலேயே ஒரு கட்சியும் தோன்றியது. வசையைப் பெருமையாக ஏற்ற அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். இருந்தும், பட்டை குத்திக்கொள்ளும் வலிமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஜெர்மனியில் அகதிகளுக்கு உதவிய தன்னார்வலர்களை ‘நல்ல மனிதர்’ என்று பொருள்படும் ‘குட்மென்ஷ்’ என்ற சொல்லால் ஏளனம் செய்தார்கள். மொழியியலாளர்கள் குழு அதை 2015-ஆம் ஆண்டின் தகாத சொல்லாக அறிவித்தது. உதவி செய்வதையே அறியாமையாகக் காட்டும் அளவுக்கு ஒரு கேலி செல்லுமென்றால், அதைச் சிரித்துக் கடப்பது எனக்கு இயலாது.

ஆகவே புதிய கேலிச் சொல் ஒன்று என் கண்ணில் படும்போது, அது எந்த நிகழ்வைச் சுட்டிப் பிறந்தது என்று தேடுகிறேன். பல சொற்களுக்கு அந்த நிகழ்வு கிடைப்பதேயில்லை. முதல் பதிவு அழிந்து, கணக்கு மூடப்பட்டு, தேதியில்லாத ஸ்க்ரீன்ஷாட் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. செயல் மறந்து வசை மட்டும் மிஞ்சுவது இப்படித்தான். ‘சைனா டிஜிட்டல் டைம்ஸ்’ தளம் சீன இணையத்தின் எதிர்ப்புச் சொற்களையெல்லாம் தொகுத்து, ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் பிறந்தது என்ற விளக்கத்தோடு ஓர் அகராதியாகவே வைத்திருக்கிறது. தமிழ் அரசியல் பதிவுலகின் சொற்களுக்கும் அத்தகைய ஒரு தொகுப்பு வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்: சொல், முதலில் எழுதப்பட்ட நாள், அதைத் தூண்டிய செயல் அல்லது பேச்சு, பின்னர் அதன் பொருள் மாறிய விதம். எந்தக் கட்சியின் சொல் என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரே கண்டிப்போடு பதியக்கூடியவர்கள் இதில் இறங்க வேண்டும், முதல் பதிவுகளில் எஞ்சியிருப்பவையும் காணாமல் போவதற்குள்.