ஆராய்ச்சி வராதவர்கள்

அந்தக் காணொளித் துண்டை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்தாயிற்று, போதும். யார், எந்த அரங்கு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் பெயர் சொல்லப் போவதில்லை. அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி: கடல் உயிரியலில் முதுகலை முடிக்கிறேன், கடல் கொள்கை பக்கம் வேலைக்குப் போகலாமா? மேடையில் இருந்த விஞ்ஞானியிடமிருந்து கிடைத்த பதில்: "தாராளமாகப் போகலாம். ஆராய்ச்சி வராதவர்களுக்கு அது நல்ல இடம்." அரங்கமே சிரித்தது. கேட்ட பெண்ணும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பதிலைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு உறுத்துகிறது.

சொன்னவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவருடைய கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. "சும்மா ஜோக்குக்குச் சொன்னார், இதைப் போய்ப் பெரிதாக்குகிறாயே" என்று சில நண்பர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். சரி, ஜோக்தான். ஆனால் இந்தத் துறைக்கு வந்த நாளிலிருந்து ஒரே ஜோக்கைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது மறந்துபோயிருக்கும் இல்லையா.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். கடலைப் பற்றித் தெரிந்துகொண்டதை, கடலைப் பற்றி முடிவெடுக்கும் மேசைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி வேலை. அதற்கென்று பயிற்சி வேண்டும், திறமை வேண்டும், பொறுமை அதைவிட அதிகமாக வேண்டும். ஆராய்ச்சியில் கழிக்கப்பட்டவர்கள் ஒதுங்கும் திண்ணை என்று அதை நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த வேலையைச் செய்து பார்க்கட்டும்.

உதாரணம் கேட்பீர்கள். வட அட்லாண்டிக்கில் பிடிபடும் காட் என்ற உணவு மீனையே எடுத்துக்கொள்வோம்.

1992 ஜூலையில் கனடா அரசு தன் கிழக்குக் கரைத் தீவான நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் காட் மீன்பிடிப்பை மூடியது. மீனவர்களும் மீன் ஆலைத் தொழிலாளர்களுமாக ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டு வருடம் மூடிவைத்தால் மீன் திரும்பிவிடும் என்றார்கள். வணிக மீன்பிடிப்புக்கான அந்தத் தடை அதிகாரபூர்வமாக விலக 2024 ஆயிற்று. அந்த நாட்டில் விஞ்ஞானிகள் இல்லையா என்ன? நல்ல விஞ்ஞானிகள் இருந்தார்கள், மீனின் அளவைக் கணிக்கும் கணித மாடல் இருந்தது, டேட்டாவும் இருந்தது. பெரிய இழுவைக் கப்பல்கள் எவ்வளவு பிடிக்கின்றன என்பதை வைத்துக் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று பெருமளவு கணக்கிட்டார்கள். கோளாறு அங்கேதான். மீன் குறையக் குறைய மிச்சமிருந்தவை ஒரே இடங்களில் கூடின. கப்பல்களும் புதுக் கருவிகளோடு தேடிப் போய் அவற்றை அள்ளின. கடலில் மீன் தேய்ந்துகொண்டிருக்க, பிடியோ குறையாமல் இருந்தது. கரையோர மீனவர்கள் எண்பதுகளிலேயே மீன் சிறுத்துவிட்டது, கரைக்கு வருவதே இல்லை என்று கத்தினார்கள். அது கணக்கில் ஏறவில்லை. அப்புறம் விஞ்ஞானிகளே கணக்கைத் திருத்தி, 1989-ல், பிடிக்கும் அளவை ஏறக்குறைய பாதியாக்கச் சொன்னார்கள். அரசு கொஞ்சம் மட்டும் குறைத்தது. பாதியாக்கினால் எத்தனை ஊரில் வேலை போகும் என்பது அமைச்சர்களுக்குப் புரிந்தது. ஆக்காவிட்டால் எத்தனை ஊர் என்பது அதே அழுத்தத்தோடு அவர்கள் முன்னால் வைக்கப்படவில்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

இன்னும் எத்தனை கட்டுரை வந்திருந்தால் அந்த மீன் பிழைத்திருக்கும், சொல்லுங்கள். மீனவர் சொன்னதையும் மாடலின் பிழை எல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த எண் தவறாக இருக்க இவ்வளவு வாய்ப்பு, தவறானால் இன்னது நடக்கும் என்று அமைச்சருக்கு ஒரே பக்கத்தில் எழுதித் தரக்கூடிய ஆள் வேண்டியிருந்தது. ஆராய்ச்சி வராதவரால் அதை எழுத முடியாது. பிழை எல்லை எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதவர் அதை யாருக்கு விளக்கப் போகிறார்?

இன்னொன்று, நல்லபடியாக முடிந்த விஷயம். கப்பலின் அடிப்பக்கத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க ட்ரைபியூட்டைல்டின் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நச்சு தண்ணீரில் கசிந்து, எழுபதுகளின் கடைசியில் பிரான்சின் ஆர்க்கஷான் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு படுத்துவிட்டது. ஓடு தடித்துக் கோணியது, குஞ்சுகள் பிழைக்கவில்லை. வேறு கடல்களில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. லிட்டருக்குச் சில நானோகிராம் போதும் அதற்கு. பிரான்ஸ் 1982-லேயே 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் அந்தப் பெயின்டைத் தடுத்தது. உலகம் முழுவதற்குமான உடன்படிக்கை சர்வதேசக் கடல்சார் அமைப்பில் 2001-ல் நிறைவேறி, 2008-ல் நடைமுறைக்கு வந்தது. நத்தைக்கு என்ன ஆகிறது என்பது எண்பதுகளிலேயே தெரியும். மீதிக் கால் நூற்றாண்டு எதற்குப் போயிற்று? மாற்றுப் பெயின்ட் உண்டா, செலவு யார் தலையில், ஏற்கெனவே பூசியதைச் சுரண்டுவதா மேலே வேறு பூச்சு பூசி மூடுவதா, எந்தத் துறைமுகத்தில் யார் சோதிப்பது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசித் தீர்க்கப் போயிற்று. நத்தையில் அதைக் கண்டுபிடித்தவர்களைக் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். அந்த உடன்படிக்கை வாசகத்தோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் பெயரையாவது எந்த வகுப்பிலாவது சொல்லிக்கொடுத்தார்களா?

இப்போது என் கதை. (வராமல் இருக்குமா.) முனைவர் பட்டம் முடித்த கையோடு ஓர் அரசு அமைப்பின் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தேன். ஒரு கடற்பகுதியில் மீன்பிடிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்பது கேள்வி. எங்கள் மாடலர் அருமையான ஆள், ஸ்லைடு மேல் ஸ்லைடாகக் காட்டினார். எதிரே இருந்த அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லது சார். திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடணும். மூடவா, திறக்கவா?" என்றார். மாடலர், "அது நீங்கள் எந்த அனுமானத்தை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது" என்றார். கூட்டம் முடிந்துவிட்டது.

நான் அதிகாரியின் பின்னாலேயே ஓடினேன். வராந்தாவில் நின்றபடியே, மூடினால் எது உறுதி, எது ஊகம், திறந்தால் முட்டையிடும் மீன் எந்த மாதத்தில் அடிபடும், பாதி மூடினால் கண்காணிக்க எத்தனை படகு வேண்டும் என்று சொன்னேன். கோப்பின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டார். மறுநாள் அதையே ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கேட்டார், கொடுத்தேன். கடைசியில் முட்டையிடும் பருவத்துக்கு மட்டும் மூடினார்கள். அறிவியல் கேட்டதைவிடக் குறைவு, அதற்கு முன் இருந்ததைவிட எவ்வளவோ மேல். அறிக்கை அச்சாகி வந்தபோது மாடலரின் பெயர் முதல் பக்கத்தில் இருந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், "அலுவலக உதவி" என்ற தலைப்பின் கீழ், கூட்ட அறை ஏற்பாடு செய்தவருக்கு அடுத்து. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் இல்லாவிட்டால் கூட்டமே நடந்திருக்காது. ஆனாலும்.

என் வழிகாட்டியிடம் போய்ப் புலம்பினேன். "அதுக்குத்தான் அப்பவே சொன்னேன், லேபை விட்டுப் போகாதேன்னு" என்றார்.

சரி, எதிர்ப்புகளுக்கு வருகிறேன். முதலில் வருவது எப்போதும் நடுநிலை. விஞ்ஞானி கொள்கை பேசினால் அவர் சொல்லும் அறிவியலையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்பார்கள். கனமான வாதம்தான், எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் இதற்கு வழி கண்டுபிடித்து ரொம்ப நாளாகிறது. சர்வதேசக் கடல் ஆய்வு மன்றம் 1902-ல் தொடங்கியது, தலைமையகம் கோபன்ஹேகன். வடகிழக்கு அட்லாண்டிக்கில் எந்த மீனை எவ்வளவு பிடிக்கலாம் என்று அரசுகளுக்கு ஆலோசனை தருகிறது. நிபுணர் குழு கணக்குப் போடும், அதில் இல்லாதவர்கள் சரிபார்ப்பார்கள், இன்னொரு குழு ஆலோசனையை வரையும், உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கும் ஆலோசனைக் குழு கடைசியில் ஒப்புதல் தரும். இந்த இலக்கு வேண்டுமென்றால் இத்தனை டன் வரை என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். எவ்வளவு ஒதுக்குவது என்பது அமைச்சர்கள் பாடு. ஆலோசனையைவிட அதிகமாக அமைச்சர்கள் ஒதுக்கிய ஆண்டுகள் ஏராளம். அடுத்த ஆண்டும் மன்றம் கணக்கோடு வந்து நிற்கிறது. நடுநிலையை இப்படிப் படிப்படியாகத்தான் கட்ட முடியும், கட்டுவதற்கு ஆளும் விதியும் சம்பளமும் வேண்டும். நாம் யாரும் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் நம் நாற்காலி காலியாக இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? கம்பெனியின் ஆலோசகர் வந்து உட்காருவார். அவருக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

அடுத்து, "எல்லோரும் பாலிசிக்குப் போய்விட்டால் கடலில் இறங்குவது யார்?" எல்லோரும் போகிறார்களாம்! விடுங்கள்.

"கொள்கை ஆட்கள் பலருக்கு அறிவியலே தெரியாது" என்பது இன்னொன்று. ஒப்புக்கொள்கிறேன். கடல் அமிலமாவதையும் எண்ணெய்க் கசிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தானே சொல்கிறேன், தெரிந்தவர்கள் போகட்டும் என்று! போகவா என்று கேட்கிறவரைச் சிரித்தே உட்காரவைத்துவிட்டு, அப்புறம் அங்கே தரமில்லை என்று மூக்கைச் சுளித்தால் எப்படி?

ஒருவர் நேரடியாகவே என் எச்-இன்டெக்ஸ் (ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதன் அளவுகோல்) என்ன என்று கேட்டிருந்தார். இணையத்தில் இருக்கிறது ஐயா, தேடிப் பாருங்கள். குறைவுதான். அரசுக் குறிப்புகளை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை, அவை பெயர் இல்லாமல்தானே போகின்றன.

2023 மார்ச் 4 இரவு நியூயார்க்கில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலின் உயிர்வளத்தைக் காக்கும் உடன்படிக்கையின் வாசகம் முடிவானது. பெருங்கடல் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கடல். பேச்சு தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. தலைமை தாங்கிய சிங்கப்பூரின் ரீனா லீ, கப்பல் கரை சேர்ந்துவிட்டது என்று தழுதழுத்த வீடியோவை நாம் எல்லோரும் பகிர்ந்தோம். இன்று சிரித்தவர்களில் எத்தனை பேர் அன்று ஹார்ட் போட்டார்கள் என்று தேடிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன். அந்த வாசகம் வானத்திலிருந்து விழவில்லை. சண்டை தீராத ஒவ்வொரு சொல்லும் சதுர அடைப்புக்குறிக்குள் கிடக்கும். மரபணு வளம், பாதுகாக்கப்பட்ட பகுதி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று ஒவ்வோர் அடைப்புக்குறியாக யாரோ தூக்கமில்லாமல் கழற்றினார்கள். பெரிய நாடுகள் தலைப்புக்கு ஒரு ஆள் வைத்திருக்கும். சிறிய தீவு நாடுகளில் சிலவற்றுக்கு எல்லாத் தலைப்புக்கும் சேர்த்தே ஒன்றிரண்டு பேர்தான். கடலை நம்பியே வாழும் நாட்டுக்கு அந்த மேசையில் ஆள் பற்றவில்லை.

உடன்படிக்கை 2026 ஜனவரி 17-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஓர் அறிவியல் தொழில்நுட்பக் குழு இயங்க வேண்டும். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சர்வதேசக் கடற்படுகை ஆணையம் ஆழ்கடல் சுரங்கத்துக்கான விதிகளோடு வருடக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறது. சுரங்க இயந்திரம் கிளப்பும் வண்டல் எவ்வளவு தூரம் பரவலாம் என்ற வரம்பை ஒருவர் எண்ணாக எழுத வேண்டும். யார் எழுதுவார்கள்? ஆராய்ச்சி வராதவர்களா?

"அந்தத் துறையில் வேலையே இல்லையே" என்பவர்களோடு மட்டும் எனக்குச் சண்டை இல்லை. உண்மை, குறைவுதான். அமெரிக்காவில் 1979-லிருந்து க்னாஸ் ஃபெலோஷிப் நடக்கிறது. கடல் சார்ந்து முதுகலையும் முனைவர் பட்டமும் படிப்பவர்களை ஒரு வருடம் நாடாளுமன்ற அலுவலகங்களிலும் அரசுத் துறைகளிலும் உட்காரவைக்கிறார்கள். ஆள் வேண்டுமென்றால் இப்படித் திட்டம் போட்டு உருவாக்க வேண்டும். நான் பார்த்த பல இடங்களில் திட்ட நிதி தீரும் நாளில் ஆளும் தீர்ந்துவிடுவார், அவரோடு அவர் அறிந்து வைத்திருந்ததும் போய்விடும். புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்குவார். பதவி உயர்வுப் படிவத்தில் கட்டுரை எத்தனை, நிதி எவ்வளவு, மாணவர் எத்தனை பேர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கடற்பகுதியை ஒரு பருவம் மூடவைத்த குறிப்பை எழுத அதில் கட்டம் இல்லை. "இதர பணிகள்" என்ற இடத்தில் எழுதினேன், விழா ஏற்பாடு, நூலகக் குழு இவற்றுக்குப் பக்கத்தில். நேர்முகத்தில் அதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உள்பெட்டியில் என்ன படிக்கலாம் என்று கேட்ட மாணவர்களுக்கு: புள்ளியியலை விடாதீர்கள், பிழை எல்லையை விளக்கத் தெரிய வேண்டும். 1982-ன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை நிதானமாகப் படியுங்கள், கரையிலிருந்து 200 கடல் மைல் என்றால் யாருக்கு என்ன உரிமை என்பதாவது புரியட்டும். உங்களுக்குத் தெரிந்த ஒரு மீனை எடுத்து, விஞ்ஞானிகள் சொன்ன அளவையும் அரசு ஆணையில் வந்த அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் எங்கே மாறியது, ஏன் மாறியது என்று தேடுங்கள். எங்கள் குழுவில் இப்போது ஒரு இடம் காலியாக இருக்கிறது, விருப்பமிருப்பவர்கள் எழுதுங்கள். ஒரு வருட ஒப்பந்தப் பணி. நீட்டிப்பார்களா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், என்னுடையதே மார்ச்சில் முடிகிறது.