இது எதுக்கு நல்லது ஆயா?

(தர்மபுரி, பென்னாகரம் ரோட்டை ஒட்டிய ஒரு பிளாட். கல் நட்டதோடு சரி, வீடு இன்னும் வரவில்லை.)

பிளாட்காரர்: என்ன ஆயா, காலையிலிருந்து குனிஞ்சே இருக்கீங்க, பாதிக் களை அப்படியே நிக்குதே?

ஆயா: நிக்கிறது பார்த்தீனியம் தம்பி. அதை யார் சாப்பிடுவாங்க?

பிளாட்காரர்: சாப்பிடுறதா? களை எடுக்கத்தானே மேஸ்திரி உங்களை அனுப்பினார்?

ஆயா: எந்த மேஸ்திரி? மதியக் களிக்குக் கீரை பறிக்க வந்தேன். நீங்கதான் வந்ததும் வராததுமா "ஒண்ணு விடாம பிடுங்குங்க"ன்னு சொன்னீங்க. எவ்வளவு தாராளமான பிள்ளைன்னு நினைச்சேன்.

பிளாட்காரர்: இதெல்லாம் கீரையா! இது என்ன?

ஆயா: பண்ணைக்கீரை. பூ விடுறதுக்கு முன்னாடி பறிச்சிடணும்.

பிளாட்காரர்: எதுக்கு நல்லது?

ஆயா: களிக்கு.

பிளாட்காரர்: சரி, அது?

ஆயா: தொய்யக்கீரை. அதுவும் களிக்குத்தான்.

பிளாட்காரர்: அப்படி இல்லை ஆயா, உடம்புல எதுக்கு?

ஆயா: வயித்துக்கு.

பிளாட்காரர்: அல்சரா?

ஆயா: பசி.

(இந்த வியாதி இவருக்கு மட்டும் இல்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கு, எந்த உறுப்புக்கு என்று சொல்லாவிட்டால் வெண்டைக்காய்கூடத் தொண்டையில் இறங்காது.)

ஆயா: இது சாரணை. கொழுந்தை மட்டும் கிள்ளணும். முத்தினதைத் தின்னா பேதியாகும்.

பிளாட்காரர்: ஓ! மலச்சிக்கலுக்கு நல்லது.

ஆயா: கடவுளே. இந்தாங்க, இது பருப்புக்கீரை. தண்டு சிவப்பு, இலை தடிப்பு. பக்கத்துல அதே மாதிரி படர்ந்திருக்கே, அதை ஒடிச்சுப் பாருங்க.

பிளாட்காரர்: பால் வருது.

ஆயா: பருப்புக்கீரையில பால் வராது. அதை விட்டுடுங்க.

பிளாட்காரர்: பால் வர்றது எதுக்கு நல்லது?

ஆயா: விட்டுடுறதுக்கு.

பிளாட்காரர்: எப்படிச் செய்வீங்க?

ஆயா: எல்லாத்தையும் மண் போக அலசி, துவரம்பருப்பு, பூண்டு, பச்சைமிளகாய், துளி புளி போட்டு வேகவெச்சு, சட்டியில மத்தால கடையணும். கடுகு, வரமிளகாய் தாளிச்சு, களி உருண்டையில குழி பறிச்சு ஊத்தினா, தொட்டுக்க வேற எதுவும் வேண்டாம்.

பிளாட்காரர்: மிக்ஸியில அடிக்கலாமா?

ஆயா: அடிக்கலாம். அப்புறம் சுவத்துல பூசிக்கலாம்.

பிளாட்காரர்: அங்க தரையோட ஓடுதே, அது?

ஆயா: மூக்கிரட்டை.

பிளாட்காரர்: மூக்கிரட்டையா! கிட்னிக்கு நல்லதுன்னு அந்தப் பொடியை டப்பா 250 ரூபாய்க்கு ஆன்லைன்ல வாங்கியிருக்கேனே!

ஆயா: சாப்பிட்டீங்களா?

பிளாட்காரர்: இன்னும் பிரிக்கலை.

ஆயா: அப்போ டப்பா எதுக்கு நல்லது?

பிளாட்காரர்: சரி விடுங்க. நல்லவேளை, நேத்து மருந்து தீர்ந்துபோச்சு. இல்லைன்னா இதுவும் போயிருக்கும்.

ஆயா: என்ன மருந்து?

பிளாட்காரர்: களைக்கொல்லி. ரோட்டோரம் பாதிக்கு அடிச்சாச்சு. மீதிக்குத்தான் ஆள் கேட்டேன்.

ஆயா: (மடியை அவிழ்த்து அப்படியே கொட்டுகிறாள்) அந்தப் பக்கம்தானய்யா பண்ணைக்கீரை பறிச்சேன்! எல்லாத்தோடயும் கலந்து கிடக்குது.

பிளாட்காரர்: பச்சையாத்தானே இருக்கு?

ஆயா: அடிச்ச மறுநாளே காஞ்சிடுமா? சில மருந்துக்கு வாட நாலஞ்சு நாள்கூட ஆகும். இங்க கேழ்வரகு போட்டிருந்த காலத்துல, களை எடுத்தவளுக்குக் கூலியும் உண்டு, மடி நிறைய கீரையும் உண்டு. இப்போ கூலி மருந்து அடிக்கிறவனுக்கு, கீரை டப்பாவுக்குள்ள.

பிளாட்காரர்: கோவிச்சுக்காதீங்க ஆயா. வீட்டுக்குக் கிளம்புறீங்களா?

ஆயா: கிளம்புறேன், 300 ரூபாய் எடுங்க.

பிளாட்காரர்: எதுக்கு?

ஆயா: சாப்பிட முடியலைன்னா அது களைதானே? காலையிலிருந்து அதைத்தான் எடுத்திருக்கேன்.