லேபைப் பார்த்துவிட்டு சீட் எடுங்கள்

டெல்லியில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் உள்ள தமிழ் வீடுகளில் ரிசல்ட் சமயத்தில் ஒரே பேச்சுதான். நீட் கைகொடுக்கவில்லையா, டெல்லி பல்கலைக்கழகத்தின் நார்த் கேம்பஸில் நல்ல பேருள்ள காலேஜ் கிடைத்தால் வெறும் பாட்டனியானாலும் சேர்த்துவிடலாம். பெண் பிள்ளையா, ஹோம் சயின்ஸ் போடலாம், நாளைக்கு வீட்டுக்கும் உதவும். இப்படிச் சேர்ப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. கரும்பின் குரோமோசோம்களைக் கோயம்புத்தூரில் ஆராய்ந்த ஜானகி அம்மாள் படித்ததும் அந்த "வெறும் பாட்டனி"தான். பாட்டனி, ஹோம் சயின்ஸ் இரண்டுமே கையும் கண்ணும் பழகவேண்டிய படிப்புகள். காலேஜ் பேருக்காகச் சேர்ந்த பிள்ளை முதல் செமஸ்டர் லேபிலேயே திணறிப்போகும்.

டெல்லி பல்கலைக்கழகத்தின் 2022 பாடத்திட்டப்படி ஒரு பிராக்டிகல் கிரெடிட்டுக்கு (கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) வாரம் 2 மணி நேரம் லேப். பாட்டனியின் முக்கியத் தாள்கள் பெரும்பாலானவற்றில் 4 கிரெடிட்டில் 2 பிராக்டிகலுக்கே போய்விடும். செமஸ்டருக்கு அப்படி மூன்று தாள். வாரம் 12 மணி நேரம் வரை லேபில் நிற்கவேண்டியிருக்கும்.

செக்‌ஷன் (மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் செடியை மெல்லிசாகச் சீவுவது) எடுப்பதையே பாருங்கள். இளந்தண்டை உருளைக்கிழங்குத் துண்டின் நடுவே செருகி, பிளேடை நனைத்துக்கொண்டு ஒரே இழுப்பில் சீவவேண்டும். முன்னும் பின்னும் அறுத்தால் செல் கிழியும். பிளேடு சாய்ந்தால் தண்ணீர் கடத்தும் சைலக் குழாய்கள் நீள்வட்டமாகத் தெரியும். நிறையச் சீவினால்தான் ஒன்றிரண்டு தேறும். அதைச் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் சில நிமிஷம் வைத்து, நன்றாகக் கழுவி, ஃபாஸ்ட் கிரீன் என்ற பச்சைச் சாயத்தில் சட்டென்று தோய்த்து எடுத்தால் லிக்னின் என்ற கெட்டிப்பொருள் படிந்த சைலம் சிவப்பாகவும் செல்லுலோஸ் சுவர் பச்சையாகவும் பிரிந்து நிற்கும். சரியாகக் கழுவாவிட்டால் எல்லாமே சிவப்பு. கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் வைத்து, ஊசியால் தாங்கி மெதுவாக இறக்கவேண்டும். தொப்பென்று போட்டால் காற்றுக்குமிழி புகும். முதல் வருஷப் பிள்ளைகள் அந்தக் குமிழியையே செல் என்று கவனமாக வரைந்து வைப்பார்கள்.

ஹெர்பேரியத்துக்கு (செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிவைக்கும் தொகுப்பு) டெல்லியில் ஆகஸ்ட், செப்டம்பர்தான் நல்ல பருவம், மழைக்குப் பின் செடிகள் பூத்திருக்கும். ஆனால் அந்த ஈரக்காற்றில் முதல் சில நாட்கள் செடியை அழுத்திவைத்த தாளைத் தினமும் மாற்றாவிட்டால் மாதிரி பூஞ்சை பிடித்துக் கறுக்கும். பூவின் நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுதிவிடவேண்டும், காய்ந்தபின் தெரியாது. 42 க்கு 28 செ.மீ. தாளில் ஒட்டி, இடமும் தேதியும் எழுதாவிட்டால் அது வெறும் காய்ந்த செடி. டெல்லி ரிட்ஜ் காட்டில் எங்கு பார்த்தாலும் விலாயதி கீகர், நம்மூர்ச் சீமைக் கருவேலமேதான். இந்த மண்ணின் சொந்த மரங்களைப் பார்க்க வசந்த் விஹார் பக்கமுள்ள ஆரவல்லி பயோடைவர்சிட்டி பார்க்குக்கு அழைத்துப்போகும் துறையா என்று விசாரியுங்கள். அங்கே பார்க்கத்தான் முடியும், அனுமதியில்லாமல் பறிக்கக்கூடாது.

ஹோம் சயின்ஸைச் சமையல் படிப்பு என்பவர்கள் ஒரு டயட் பிளானிங் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும். 2020 ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அளவுப்படி 55 கிலோ எடையுள்ள, உட்கார்ந்து வேலைபார்க்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கிலோ கலோரி, 45.7 கிராம் புரதம், 29 மில்லிகிராம் இரும்புச்சத்து. இதைத் தட்டுக்குக் கொண்டுவர எக்ஸ்சேஞ்ச் கணக்கு, அதாவது எந்த உணவு எவ்வளவு எடுத்தால் எத்தனை கலோரி என்ற கணக்கு தெரியவேண்டும். 30 கிராம் அரிசி ஏறக்குறைய 100 கலோரி, இது வேகவைக்காத அரிசியின் எடை. வெந்த சோற்றை நிறுத்துவிட்டு இதே கணக்கைப் போட்டால் கலோரி இரண்டு மூன்று மடங்கு கூடிக்காட்டும். ஆரம்பத்தில் அதிகம் நடக்கும் தப்பு இது. அடுத்தது தாளிக்கிற எண்ணெய். ஒரு டீஸ்பூன் 5 கிராம், 45 கலோரி. சாம்பார், பொரியல், தோசை என்று ஒவ்வொன்றிலும் இதைக் கணக்கில் சேர்க்க மறந்தால் மொத்தக் கணக்கும் கவிழும். இரும்புச்சத்து தாளில் 29 வந்தாலும், டிபன் முடிந்த கையோடு காபி குடித்தால் உடம்பில் சேர்வது குறையும். எலுமிச்சை பிழிந்தால் கூடும். இதெல்லாம் சுத்தமான உயிர்வேதியியல்.

இது ஹோம் சயின்ஸில் ஒரு பிரிவுதான். துணி, குழந்தை வளர்ச்சி, வள மேலாண்மை, தகவல் தொடர்பு எல்லாம் தனித்தனி. துணி லேபில் நூலைக் கொளுத்திப் பார்ப்பார்கள். காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி, முடி கருகும் வாசனை என்றால் பட்டோ கம்பளியோ, உருகி உருண்டையாக இறுகினால் பாலியெஸ்டர். டெல்லியில் ஹோம் சயின்ஸ் சொல்லித்தரும், 1932-ல் தொடங்கிய லேடி இர்வினும், 1961-ல் தொடங்கிய ஹோம் எகனாமிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டும் பெண்கள் கல்லூரிகள். பையன்களுக்கும் இந்தக் கதவு திறக்கவேண்டும்.

டயட்டீஷியன் ஆக பி.எஸ்சி. மட்டும் போதாது. எம்.எஸ்சி. அல்லது பி.ஜி. டிப்ளமா, ஆஸ்பத்திரியில் 6 மாத இன்டர்ன்ஷிப், பிறகு ஆர்.டி. (ரெஜிஸ்டர்ட் டயட்டீஷியன்) பரீட்சை. தபால் வழியில் படித்துக்கொள்ளலாம் என்று இனி நினைக்கவேண்டாம், 2025 முதல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இந்தப் படிப்புக்கு அதை நிறுத்திவிட்டது.

டெல்லி பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான க்யூட் நுழைவுத்தேர்வில் பாட்டனிக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஒரு மொழித்தாளும் எழுதவேண்டும். டி.டி.இ.ஏ. (டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளிகளில் தமிழ் எடுத்த பிள்ளைகள் அதைத் தமிழிலேயே எழுதலாம். ஹோம் சயின்ஸ் பாடச் சேர்க்கை வேறு, விண்ணப்பிக்கும் முன்பே அந்த வருஷச் சேர்க்கை புல்லட்டினைப் படித்துவிடுங்கள்.

காலேஜுக்கு நேரில் போனால் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் நாலைந்து பேரின் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே படம் அச்சடித்த மாதிரி இருந்தால், அவர்கள் சார்ட்டைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள், மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தல்ல. அந்தக் காலேஜ் எவ்வளவு பேர்பெற்றதானாலும் விருப்பப் பட்டியலில் கீழே தள்ளுங்கள்.