விலையைச் சுவரில் எழுதுங்கள், முதலாளி

மலையகத்து டவுன்களில் சாப்பாட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்தால், சாப்பிடுவது என்ன விலை என்று கை கழுவிவிட்டு வரும்வரை தெரியாது. ஹட்டனிலும் அப்படித்தான், தலவாக்கலையிலும் அப்படித்தான், நாவலப்பிட்டி, பதுளை என்று எங்கே போனாலும் அப்படித்தான். சுவரில் சாமிப்படம் இருக்கிறது. கடன் இல்லை என்ற அறிவித்தல் இருக்கிறது. குளிர்பான விளம்பரம் பாதிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பராட்டா எத்தனை ரூபா, ஒரு பிளேன் டீ எத்தனை ரூபா என்று நாலு வரி எழுத மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

ருசியில் எனக்குப் பெரிய குறை இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். நம்ம டவுன் பராட்டா நல்ல பராட்டா. காலையில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்தால் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. மழை நாளில் ஆவி பறக்க வரும் கொத்தும், மத்தியானச் சோற்றோடு வரும் போஞ்சிக் கறியும் கோவாச் சுண்டலும் கொழும்பில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் இந்தப் பதத்தில் கிடைக்காது. தேநீரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கடை வாசலில் நின்றால் எதிர்மலை முழுவதும் தேயிலை. உள்ளே வந்தால் கறுத்துப் போன துணி வடியில், பல தடவை சுடுதண்ணீர் ஊற்றிச் சத்துப் போன தூள். நாடு விளைவிக்கும் தேயிலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கப்பலேறுகிறது, சரி. மிச்சத்தில் ஒரு நல்ல பிடியாவது கொழுந்து பறித்தவளின் கோப்பைக்கு வரக்கூடாதா? சீனியைக் கொட்டி அந்தக் கசப்பை மூடிவிட்டு, அதையும் டீ என்று தருகிறார்கள்.

அது இருக்கட்டும். என் கோபம் முழுவதும் பில் மேல்தான்.

சோட்டீஸ் தட்டில் இருந்து தொடங்குகிறேன். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், வடை எல்லாம் அடுக்கிய தட்டு உங்கள் மேசைக்கு வந்துவிடும். தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் திரும்ப கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அங்கிருந்து அடுத்த மேசைக்கு. எத்தனை பேர் இருமியது, எத்தனை பேர் தொட்டுப் பார்த்து வைத்தது என்பதெல்லாம் யாருக்கும் கணக்கில்லை. மத்தியானத்தில் இதே வேலையைச் சின்னத் தட்டுகளில் செய்வார்கள். சோறு மட்டும் கேட்டவன் முன்னால் மீன் பொரியல், அவித்த முட்டை, கோழிக்கறி என்று வரிசையாக வைப்பார்கள். கரண்டி பட்டால் காசு. எவ்வளவு காசு? அதுதான் சொல்ல மாட்டார்களே.

போன மாதம் ஹட்டனில் ஒரு கடை. பக்கத்து மேசையில் ஆஸ்பத்திரி கிளினிக் முடித்துவிட்டு வந்த ஓர் அம்மா. கையில் குடை, சொப்பிங் பேக்குக்குள் கிளினிக் கொப்பி, கூடவே இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு எட்டு வயது இருக்கும். "தம்பி, நாலு பராட்டா, ஒரு பிளேன் டீ" என்றார். பராட்டா பிள்ளைகளுக்கு, டீ அவருக்கு. பராட்டா வருவதற்கு முன்பே சோட்டீஸ் தட்டு வந்து பிள்ளைகளின் மூக்குக்கு நேரே உட்கார்ந்தது. அவர் தட்டை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, சின்னவளின் இரண்டு கையையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் பெரியவன் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துவிட்டான். அந்த அம்மா பிள்ளையை ஏசவில்லை. சின்னப் பேர்ஸைத் திறந்து, மேசைக்குக் கீழே வைத்துக் காசை எண்ணத் தொடங்கினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. பராட்டாவில் ஒரு துண்டைக்கூட அவர் வாயில் வைக்கவில்லை.

எழும்பிப் போகும்போது உள்ளேயிருந்து சப்ளை செய்த தம்பி வழக்கம்போல் சத்தம் போட்டான்: "அக்கா மூணு பேர், ஐந்நூத்தி இருபது!" துண்டுச் சீட்டு இல்லை, கணக்கு இல்லை, காற்றில் வந்த ஒரு தொகை. எனக்குப் பொறுக்கவில்லை. கல்லாவுக்குப் போய், எதுக்கு எவ்வளவு என்று கேட்டேன். பராட்டா 80 படி 320, டீ 50, ரோல்ஸ் 150. கொஞ்சம் முன்னால் நான் சாப்பிட்ட அதே தட்டு ரோல்ஸுக்கு என்னிடம் வாங்கியது 120. அதைச் சொன்னேன். முதலாளி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மூன்று பத்து ரூபாக் காசை எடுத்து மேசையில் வைத்தார். தப்பு என்று தெரியாதவர் அவ்வளவு சட்டென்று திருப்பிக் கொடுப்பாரா?

முப்பது ரூபாதானே என்று யாரும் சொல்ல வேண்டாம். தோட்டத்து ஆளின் ஒரு நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆவதற்கே எத்தனை வருடம் வீதியில் நின்றார்கள் என்று நமக்குத் தெரியும். 2024இல் அது 1,350 ஆனது. அதுவும் முழுப் பேர், அதாவது முழு நாள் வேலை என்ற பதிவு, விழுந்தால்தான். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர். அந்த அம்மா அன்றைக்குக் கிளினிக்குக்கு வந்ததால் அந்த நாளின் பேரே இல்லை. பஸ் காசு வேறு. இப்படி வந்தவரிடம் நாலு பராட்டாவுக்கும் ஒரு டீக்கும் ஒரு ரோல்ஸுக்கும் ஒரு நாள் கூலியில் பெரிய பங்கை வாங்கிவிட்டு, அதிலும் ஆளைப் பார்த்து முப்பது ரூபா கூட்டினால் அதற்குப் பெயர் வியாபாரமா?

ஆளைப் பார்த்துத்தான் கூட்டுகிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சட்டை போட்டு, பேனா குத்தி, கடைக்காரரைத் தெரிந்தவன் மாதிரி உட்கார்ந்தால் ஒரு விலை. தோட்டத்துச் சேலையும் குடையுமாக வந்தால் இன்னொரு விலை. நம்ம ஆட்கள் கேட்க மாட்டார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் "காசில்லாட்டி எதுக்கு உள்ள வாறீங்க" என்ற மாதிரி ஒரு பார்வை வரும். பிள்ளைகள் முன்னால் அந்தப் பார்வையை வாங்குவதைவிட ஐம்பது ரூபா கூடக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். சம்பள நாளில் எங்களை டவுனுக்குக் கூட்டிவந்து, எங்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்று பிளேன் டீயோடு உட்கார்ந்திருப்பார். கடை முதலாளி தமிழராக இருந்தாலும், முஸ்லிமாக இருந்தாலும், சிங்களவராக இருந்தாலும் இந்த விஷயத்தில் எந்த வித்தியாசமும் நான் கண்டதில்லை.

விலை அடிக்கடி மாறுகிறது, எழுதி வைத்தால் அழித்து அழித்து எழுத வேண்டியிருக்கிறது என்பார்கள். 2022இல் இதைச் சொன்னபோது நானும் வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன். கேஸ் சிலிண்டருக்கு இரவு முழுக்க வரிசை, மா இல்லை, பால்மா இல்லை. 12.5 கிலோ சிலிண்டர் 5,000 ரூபாவை நெருங்கியது. கடைக்காரர்களும் செத்துப் பிழைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் 2023 நடுப்பகுதியில் அதே சிலிண்டர் 3,000 அளவுக்கு இறங்கியதே, அப்போது உங்கள் கொத்து எவ்வளவு இறங்கியது? கேஸ் கூடினால் அன்று இரவே ரேடியோவில் செய்தி, விடிந்தால் டீ விலை கூடியிருக்கும். கேஸ் குறைந்தால், "பழைய ஸ்டொக் முடியட்டும்" என்பார்கள். அந்த ஸ்டொக் ஒரு நாளும் முடிவதில்லை. பலகையில் விலை எழுதியிருந்தால் நேற்று என்ன, இன்று என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எழுதாமல் இருப்பதன் காரணம் இதுதான்.

நுவரெலியாவில் கதை வேறு மாதிரி. அங்கே பெரிய ரெஸ்டோரன்ட்களில் விலை எழுதியிருக்கிறது, ஆங்கிலத்தில். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்து ஆட்களில் பாதிக்கு மேல் தமிழர். ஆனால் மெனு அட்டையில் ஒரு தமிழ் எழுத்து கிடையாது. ஏப்ரல் சீசன் வந்தால், பூக்கண்காட்சிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் கொழும்பிலிருந்து வாகனம் ஏறத் தொடங்கியதும், அட்டையே மாறிவிடும். உள்ளூர்க்காரன் ஏப்ரலில் பசித்தால் சுற்றுலாக்காரன் விலை கொடுக்க வேண்டும்.

அடுத்தது அந்தப் பிளஸ் பிளஸ். அட்டையின் அடியில் எறும்பு மாதிரி எழுத்தில் இருக்கும். உறவுக்காரர்களோடு போன ஒரு நாள், 1,800 என்று போட்டிருந்த பிரைட் ரைஸ் பில்லில் 2,336 ஆக வந்து நின்றது. 10 வீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்து அதன் மேல் 18 வீதம் வற், அதாவது பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரியில் வற் 18 ஆனது அரசாங்கத்தின் வேலை, அதற்காக நான் கடைக்காரரோடு சண்டை பிடிக்க மாட்டேன். 2,336 என்று முதலிலேயே எழுதினால் என்ன? ஆள் ஆர்டர் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளட்டும் என்பதற்காகத்தானே இரண்டாகப் பிரித்து எழுதுகிறீர்கள்? இன்னொன்றும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். வற்றுக்குப் பதிவு செய்த வியாபாரிதான் வற் அறவிடலாம். பில்லில் பதிவிலக்கம் இல்லாமல் "டெக்ஸ்" என்று மட்டும் போட்டுக் காசு கேட்டால், இலக்கம் எங்கே என்று கேளுங்கள். சேவைக் கட்டணம் வாங்கிய அந்த இடத்தில், தண்ணீர் கேட்டால் போத்தலைத் திறந்துகொண்டே வந்து வைத்தார்கள். திறந்த பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதற்கும் காசு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. விலையைக் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. முறைப்பாடு சொல்ல 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பண்டிகை வந்தால் அதிகாரிகள் அரிசிக் கடைக்கும் பருப்புக் கடைக்கும் போய்ப் பார்க்கிறார்கள், நல்லது. அப்படியே பஸ் நிலையத்தைச் சுற்றியிருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்குள்ளும் ஒரு தடவை வந்து சுவரைப் பாருங்கள். சிவனொளிபாத மலை சீசனில் டிசம்பரிலிருந்து மே வரை ஹட்டன் வழியே போகிற கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முடியாத காரியம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். பண்டாரவளையில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. நாலு மேசைதான். கல்லாவுக்கு மேலே வெள்ளைப் பலகை, அதில் தமிழிலும் சிங்களத்திலும் மார்க்கரில் எழுதிய விலை. தோசை, வடை, டீ, பால் டீ, சோறு, மீன் துண்டு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக. விலை மாறினால் அந்த அக்கா ஸ்டூலில் ஏறி நின்று துடைத்துவிட்டு எழுதுகிறார். கேட்டால்தான் வடை வரும். அங்கே தோட்டத்து ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பலகையைப் பார்த்து, தங்களுக்கும் சேர்த்து ஆர்டர் கொடுக்கிறார்கள். அம்மாக்களும் சாப்பிடுகிறார்கள். அந்தக் கடையில் எந்த நேரம் போனாலும் ஆள் இருக்கிறது.

ஒரு வெள்ளைப் பலகை, ஒரு மார்க்கர். மற்றவர்கள் செய்யாததற்கு எந்த நொண்டிச் சாட்டையும் நான் இனிக் கேட்கத் தயாரில்லை. பிள்ளைகள் இருக்கும் மேசையில் கேட்காத தட்டை வைக்காதீர்கள். கணக்கைச் சத்தம் போட்டுச் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். இனிமேல் எந்தக் கடைக்குப் போனாலும், உட்காரும் முன்பே, மற்ற மேசைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் விலை கேட்கப் போகிறேன். ஒழுங்கான பதில் வராவிட்டால் அதே வாசலில் நின்று 1977க்குப் பேசுவேன்.