வாய் திறக்க முடியாத ஊரில் ஒரு பல் மருத்துவர்

எங்கள் அப்பத்தா பர்மாவில் பெகு பக்கம் பிறந்தவர். 1964-ல் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார். கடையை ராணுவ ஆட்சியாளர் ஜெனரல் நெ வினின் அரசு எடுத்துக்கொண்டது. கையில் மிச்சமிருந்த 50, 100 சாட் நோட்டுகளும் அந்த வருஷம் மே மாதம் செல்லாது என்று ஆகிவிட்டன. இதையெல்லாம் அவர் அழுது சொல்லி நான் கேட்டதில்லை. பர்மா என்றாலே அவர் எடுப்பது பகோடாத் திருவிழாவில் பார்த்த அன்யெயின் ஆட்டத்தைத்தான். ஒரு பெண் ஆடுவாள். நடுநடுவே இரண்டு மூன்று கோமாளிகள் கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்து, ஊர்ப் பெரியவர் தொடங்கி அதிகாரி வரைக்கும் ஒருவரையும் விடாமல் வாருவார்கள். அப்பத்தா அப்படி ஒன்றை நடித்துக் காட்டிவிட்டு, நாங்கள் சத்தம் போட்டுச் சிரித்தால் சட்டென்று வாசல் கதவைப் பார்ப்பார். "மெதுவாச் சிரி அய்யா." இது சிவகங்கையில், அவர் பர்மாவை விட்டு வந்து முப்பது வருஷம் கழித்து.

போன வாரம் ஒரு நண்பர் என்னிடம் கோபமாகவே கேட்டார். "எல்லாத்தையும் கிண்டல் பண்ணிக்கிட்டே இருக்கீங்களே, அதனால ஒருத்தன் வயிறாவது நிறையுதா?" நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பர்மியர்கள் சொல்லும் ஒரு பழைய நகைச்சுவை உண்டு. பல்வலிக்காரர் ஒருவர் எல்லை தாண்டித் தாய்லாந்து போய் மருத்துவரைப் பார்க்கிறார். "உங்கள் நாட்டில் பல் மருத்துவரே இல்லையா?" என்று அவர் கேட்க, "நிறையப் பேர் இருக்கிறார்கள் ஐயா, அங்கே வாயைத்தான் திறக்க முடியாது" என்கிறார் இவர். அந்த நாட்டின் மிகப் பெரிய நகைச்சுவைக் கலைஞர் நிஜமாகவே பல் மருத்துவம் படித்தவர். இயற்பெயர் மவுங் துரா. மேடைப் பெயர் ஸர்கனார். சாமணம் என்று பொருள், முள் எடுக்கும் சாமணம்.

அவர் வளர்ந்த காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் உலகத்துக்கே அரிசி அனுப்பிய நாடு பர்மா. 1987 செப்டம்பரில் நெ வின் அரசு 25, 35, 75 சாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. மாற்றிக்கொள்ள வழியே தரவில்லை. பாய்க்கு அடியில் சேர்த்து வைத்திருந்த காசு ஒரே நாளில் வெறும் காகிதம். பிறகு 45, 90 சாட் நோட்டுகள் வந்தன. ஒன்பதால் வகுபடும் எண்தான் ராசி என்று ஜெனரல் நம்பினாராம். அடுத்த ஆண்டே மக்கள் தெருவுக்கு வந்தார்கள், ராணுவம் சுட்டுத் தள்ளியது. ஸர்கனார் முதன்முதலில் சிறைக்குப் போனது அப்போதுதான். வெளியே வந்தவர், 1990 தேர்தல் சமயத்தில் ராணுவத் தலைவர் சா மவுங் மாதிரி பேசி நடித்தார், திரும்பவும் உள்ளே போட்டார்கள். இன்செய்ன் சிறையில் எழுதவும் படிக்கவும் தடை. உடைந்த மண்பானைச் சில்லு ஒன்றால் சிறைத் தரையில் கவிதையைக் கீறி, மனப்பாடம் ஆகும்வரை படித்துப் படித்துப் பார்த்தார்.

ஆனால் என் நண்பருக்கு நான் சொல்ல நினைத்தது 2008-ல் நடந்தது. மே மாத ஆரம்பத்தில் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைச் சுருட்டிக்கொண்டு போனது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 1,30,000-க்கும் அதிகம். உதவி ஏற்றி வந்த வெளிநாட்டுக் கப்பல்களை ராணுவம் உள்ளே விடவில்லை. புயல் அடித்து ஒரு வாரத்தில், மே 10 அன்று, புதிய அரசமைப்புச் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியது. வயல்களில் பிணங்கள் கிடக்கும்போதே 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தும் விட்டது. மாதக் கடைசியில் அரசுப் பத்திரிகை எழுதியதைப் படித்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. டெல்டா மக்களுக்கு வெளிநாட்டுச் சாக்லேட் தேவையில்லை, அவர்கள் மீனும் தவளையும் பிடித்துச் சாப்பிட்டுப் பிழைத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தது. எந்தக் கோமாளி மேடையில் இப்படி ஒரு வசனத்தை எழுதியிருந்தாலும், மிகைப்படுத்துகிறான் என்றுதான் நாம் சொல்லியிருப்போம்.

ஸர்கனார் அப்போது மேடை ஏறவில்லை. ஏற்கெனவே மேடை ஏறத் தடை இருந்தது. ஆட்களைத் திரட்டி, அரிசியும் துணியும் மருந்தும் எடுத்துக்கொண்டு டெல்டாவுக்குப் போனார். அங்கே கண்டதை வெளிநாட்டு வானொலிகளிடம் சொன்னார். ஜூன் 4 இரவு வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் 45 ஆண்டுகள் தண்டனை, அப்புறம் மேலும் 14. ஆக 59 ஆண்டுகள். பின்னால் 35 ஆகக் குறைத்து, குடும்பத்தார் போய்ப் பார்ப்பதே பெரும்பாடான வடகோடி மியிச்சினா சிறைக்கு அனுப்பினார்கள். 2011 அக்டோபரில்தான் விடுதலை. ராணுவத்தைக் கேலி செய்ததற்குக் கிடைத்த தண்டனையைவிட, பசித்தவன் பசியோடு இருக்கிறான் என்று சொன்னதற்குக் கிடைத்தது பல மடங்கு பெரிது.

சிரிக்க வைத்த அதே ஆள்தான் அரிசி மூட்டையும் சுமந்தார். இரண்டையும் ஒரே வேலையாகத்தான் நான் பார்க்கிறேன். சாப்பாட்டுக்குப் பதிலாகச் சிரிப்பு என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டை மறித்து நிற்கிறவன் யார் என்று நாலு பேர் முன்னால் சொல்கிற துணிச்சல்தான் அந்தச் சிரிப்பு. அடக்குமுறை முதலில் செய்வது மனிதனைத் தனியாளாக்குவது. தனக்குத் தோன்றுவது பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தோன்றுகிறதா, இல்லை அவன்தான் உளவாளியா என்று தெரியாமலே காலம் போகும். ஆட்டத்தில் கோமாளி ஒரு வார்த்தை சொல்கிறான், இருநூறு பேர் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள். அந்த ஒரு நொடியில் இருநூறு பேருக்கும் தெரிந்துவிடுகிறது. அப்பத்தா கதவைப் பார்த்தது எதற்கு என்று எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

இங்கே ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவரையும், ஓட்டுக்குக் காசு வாங்கிய கிழவியையும் படம் போட்டு நக்கலடிப்பதை நம்மில் சிலர் அங்கதம் என்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. இல்லாதவனைப் பார்த்துச் சிரிக்க எந்தத் துணிச்சலும் தேவையில்லை, அதற்காக யாரும் சிறைக்குப் போனதும் இல்லை.

மண்டலேயில் 39-ஆம் தெருவில் 'மீசைச் சகோதரர்கள்' என்று ஒரு கோமாளிக் குழு இருந்தது. பார் பார் லே, அவர் தம்பி லூ மோ, உறவினர் லூ ஸா. 1996 ஜனவரி 4, பர்மாவின் சுதந்திர நாள். ராணுவ ஆட்சியை எதிர்த்து நின்ற தலைவர் ஆங் சான் சூச்சியின் வீட்டு வளாகத்தில் பார் பார் லேவும் லூ ஸாவும் ஆடினார்கள். முன்பெல்லாம் திருடனைத் திருடன் என்றோம், இப்போது அரசு ஊழியர் என்கிறோம் என்ற மாதிரி ஒரு வேடிக்கை. இருவருக்கும் ஏழேழு ஆண்டுகள் சிறை. காலில் விலங்கோடு கல் உடைத்தார்கள். ஊருக்கே தங்யாத் என்று ஒரு வழக்கமும் உண்டு. சித்திரையில் தண்ணீர்த் திருவிழாவின்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் பதில் பாட, ஊர்க் குறைகளைக் கேலியாகப் பாடுவது. அதை ராணுவம் பல ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தது. 2019-ல், அதே சூச்சியின் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே, ராணுவத்தைக் கேலி செய்து தங்யாத் பாடிய இளைஞர்களைச் சிறையில் அடைத்தார்கள். அந்த அம்மையாரை நம்பி விலங்கு மாட்டிக்கொண்டவர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ஸர்கனாரை மறுபடி பிடித்தார்கள், அறுபதை எட்டிய மனிதரை. சில மாதம் கழித்துத்தான் விட்டார்கள்.

மீசைச் சகோதரர்கள் 2001-ல் விடுதலையான பிறகு, வெளியே ஆடக் கூடாது என்று தடை வந்தது. சரி என்று வீட்டு முன்னறையிலேயே மேடை போட்டார்கள். சுற்றுலா வந்த வெளிநாட்டினருக்கு இரவு தோறும் ஆங்கிலத்தில் ஆடினார்கள். யாருடைய வறுமையைப் பற்றிப் பேசினார்களோ, அந்த மக்கள் வந்து பார்க்க முடியாது. 2013 ஆகஸ்ட் 2 அன்று பார் பார் லே இறந்துபோனார். அதற்கு அப்புறமும் அதே அறையில் லூ மோ மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்.